உல்லாசப் பூங்காவும் உம்மாவின் வளையலும்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் இரு குரல்கள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று வீட்டுக்குள்ளிருந்து எழுவது: "எல்லாப் பிள்ளைகளும் பூங்காவுக்குப் போய் வருகிறார்கள், நாம் மட்டும் ஏன் போகக்கூடாது வாப்பா?" மற்றொன்று மிம்பரிலிருந்து எழுவது: "அந்தக் காசில் ஒரு குமரைக் கரையேற்றலாமே, ஓர் உம்ரா செய்து வரலாமே!" இவ்விரு குரல்களுக்கும் நடுவே குடும்பத் தலைவர் என்பவர் ஓசையின்றிச் செய்து முடிக்கும் காரியம் ஒன்றுண்டு. மனைவியின் வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவர் அடகுக் கடைக்குப் போகிறார். நாம் இங்கே எழுத முற்பட்டது அந்த வளையலைப் பற்றித்தான்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் அமைந்த ஊர் திருப்பாலைவனம். அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் கடல். இந்த வட்டாரத்து முஸ்லிம்களில் மீன், இறால், நண்டு வியாபாரத்தை நம்பி வாழ்வோர் உண்டு. சிறு கடை வைத்திருப்போர் உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களும் உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் பேர் பெற்றவை. ஆனால் உல்லாசப் பூங்காக்கள் எங்கே இருக்கின்றன? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தோன்றியது; முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். தோன்றியது, 1990களில் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா தோன்றியது, 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. அனைத்தும் பட்டணத்துக்குத் தெற்கே! வடக்கே நமக்குக் கிடைத்தவை எண்ணூரின் புகைபோக்கிகளும், வல்லூரின் அனல்மின் நிலையமும், காட்டுப்பள்ளியின் துறைமுகமும். தெற்கே வேடிக்கை, வடக்கே சாம்பல் என்று பங்கு பிரித்தவர் யாரோ! எனவே நம் வட்டாரத்துக் குடும்பம் ஒருநாள் உல்லாசம் காண வேண்டுமானால் சென்னை மாநகரம் முழுவதையும் குறுக்கே கடந்து, போக வரச் சுமார் 200 கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். செலவுக் கணக்கு டிக்கெட் கவுண்ட்டரில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் மிம்பர்க் குரலுக்கு விடை சொல்லிவிடுவோம். அக்குரலை எழுப்புவோர் நம்மவர்கள்தாம், நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து கிதாபு ஓதியவர்கள்தாம். ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருநாள் அன்று பள்ளிவாசலில் ஹபஷி வீரர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அதைத் தம் துணைவியார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் காணும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நின்று மறைத்துக்கொண்டார்கள் என்பதும், அவர் தாமாகவே சலித்து விலகும் வரை நின்றார்கள் என்பதும் புகாரி ஷரீஃபில் காணப்படும் செய்தி. அதே துணைவியாரோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஒருமுறை தோற்றதும் பின்னொரு முறை வென்றதும் அபூதாவூதில் உள்ளது. அகிலத்துக்கு அருட்கொடையாக வந்த அத்திருநபிக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லையா? மதீனாவில் ஏழைகள் இல்லையா? திண்ணைத் தோழர்கள் பசியோடு பள்ளிவாசலிலேயே கிடந்த காலம் அது. ஆயினும் "இந்நேரத்தில் ஓர் ஏழைக்கு உதவியிருக்கலாமே" என்று நாயகத்திடம் எவரும் கேட்கவில்லை. இரவெல்லாம் நின்று வணங்கிய அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், அதை நபிகளார் சரிகண்டதையும் நாம் ஓதிக் கொடுக்கிறோமே, ஓதிக் கொடுத்தது எதற்காக?

குமர் காரியமும் உம்ராவும் உயர்ந்தவையே. ஆனால் அவற்றைப் பிள்ளைகளின் ஒருநாள் மகிழ்ச்சிக்கு எதிராகத் தராசில் வைப்போர், அதே தராசில் திருமண மண்டபத்தின் வாடகையையும், மூன்று வகை பிரியாணியையும், பெருமைக்காக அச்சடித்த அழைப்பிதழையும் ஒருபோதும் வைப்பதில்லை. பெரியவர்களின் ஆடம்பரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளின் ஊஞ்சல் மட்டும் வீண் விரயமாகத் தெரிகிறது. இது நீதியன்று.

இனி வீட்டுக் குரலுக்கு வருவோம். பூங்காவுக்குப் போவது ஆகுமானதென்றால் எப்படியும் போய்விடலாம் என்பதாகாது. செலவுக்கு மார்க்கம் அளவு சொல்லியிருக்கிறது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் கூடாது, முற்றாக விரித்துவிட்டுப் பின்னர் பழிக்கப்பட்டவராய் அமர்ந்துவிடவும் கூடாது என்பது அல்இஸ்ரா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தரும் கருத்து. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வு சுருக்கப்பட்டவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்ய வேண்டும் என்பது அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தரும் கட்டளை. ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் இதை எவ்வளவு நுட்பமாகக் கையாள்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், மனைவிக்குத் தரவேண்டிய அன்றாட உணவுத் தானியம் செல்வந்தருக்கு இரண்டு முத்து, நடுத்தரத்தவருக்கு ஒன்றரை முத்து, வறியவருக்கு ஒரு முத்து என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அளவு கணவனின் நிலையைப் பார்த்து வருகிறது. அண்டை வீட்டாரின் நிலையைப் பார்த்து வருவதில்லை. அண்டை வீட்டுப் பிள்ளை பூங்காவின் நீர்ச்சறுக்கில் எடுத்த படம் கைப்பேசியில் வந்து நிற்பதால் நம் வீட்டு முத்து இரண்டாகிவிடாது.

அந்த வளையல் யாருடையது? திருமணத்தில் மஹராக வந்ததென்றாலும், தாய் வீட்டுச் சீராக வந்ததென்றாலும், ஓலை முடைந்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்ததென்றாலும் அது அவளுடையது. அதில் கணவனுக்கு ஒரு குன்றிமணியும் பங்கில்லை. குடும்பத்தின் செலவு அவன் தலைமேல் விதிக்கப்பட்டிருக்கிறது. அவள் செல்வம் மலையளவு இருந்தாலும் அவள்மேல் விதிக்கப்படவில்லை. "அவளே மனமுவந்து தந்தாளே" என்பார்கள். பெண்கள் மஹரிலிருந்து மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் கணவன் அதை அனுபவிக்கலாம் என்று அன்னிஸா அத்தியாயம் கூறுவது உண்மை. ஆனால் மனம் விரும்பி என்ற நிபந்தனையை வைத்தவன் மனங்களைப் படைத்தவன்! மூன்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழ, மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கணவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க, அந்த நேரத்தில் ஒரு பெண் கழற்றித் தரும் வளையல் மனமுவந்து தந்ததாகுமா? மறுநாள் பூங்காவில் எடுத்த படங்களில் வாப்பா சிரிக்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிள்ளைகளை மகிழ்வித்த பேர் வாப்பாவுக்கு. உம்மா மட்டும் முழுக்கை உடுப்பை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். மொட்டைக் கையைச் சொந்தக்காரர் பார்த்துவிடக் கூடாதே!

"நபிகளாரே அடகு வைத்திருக்கிறார்களே" என்று நம்மிடம் வாதாடியோரும் உண்டு. ஆம், வைத்தார்கள். உலகைப் பிரியும் வேளையில் அவர்களின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. எதற்காக? வீட்டாரின் உணவுக்கான வாற்கோதுமைக்காக. எவருடைய பொருளை? தம்முடைய கவசத்தை. அங்கே வட்டி இருந்ததா? இல்லை. இம்மூன்றில் ஒன்றேனும் நம் அடகில் இருக்கிறதா? இன்று பவுன் விலை ஏற ஏற அதே வளையலின்மேல் முன்னிலும் பெரிய தொகை தர வங்கியும் முன்வருகிறது, சேட்டுக் கடையும் முன்வருகிறது. இதைச் செல்வம் வளர்ந்ததாக நம்மவர் எண்ணிக்கொள்கிறார்கள். வளர்ந்தது செல்வமன்று, வாங்கத் தகும் கடன். தவணை தவறினால் ஏலத்தில் போவது அதே பழைய வளையல்தான். அதே எடையில் புதிது வாங்க இயலாத விலையில் இருக்கும்போது போகும்.

நகை இல்லாத வீட்டிலோ வாரத் தவணைக் குழுக்கடன் வந்து நுழைகிறது. வசூலிப்போரின் கெடுபிடி எல்லை மீறிப் போனதனால்தான் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டு வந்தது. சட்டம் கெடுபிடியைத் தடுக்கலாம், வட்டியைத் தடுக்காது. ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று கேட்ட பின்பே தொழுவிக்க முன்வந்த ரஸூலின் உம்மத்து நாம்! அக்கேள்விக்கு "ஆம், ராட்டினத்துக்காக" என்று விடை சொல்ல நேர்ந்தால் எப்படியிருக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கைக் கண்டு அஞ்சுவோர்தாம் கடனில் விழுகிறார்கள். தாய், தந்தை, பாட்டி, வளர்ந்த மகன், சிறு பிள்ளைகள் இருவர் என ஆறு பேர் கொண்ட குடும்பம் என்க. நுழைவுச்சீட்டு பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,200 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தந்த நாளின் உண்மை விலையை வாசகர்கள் அவ்விடத்தில் எழுதிக்கொள்ளட்டும். நால்வருக்கு 6,000, இருவருக்கு 2,400, ஆக 8,400. வேன் வாடகை 5,000. உணவு தலைக்கு 300 வீதம் 1,800. உடுப்பு, பெட்டக வாடகை முதலிய சில்லறைகள் 1,000. மொத்தம் 16,200 ரூபாய்.

இத்தொகையை வேறொரு தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடும் கோடைகளில் ஏரி மீனும் குறைந்துவிடும். மீன் குறைந்தால் ஏலம் எடுப்பவருக்கும், ஐஸ் கட்டி விற்பவருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் வருமானம் குறைகிறது. அத்தடைக் காலம் முழுமைக்கும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதம் அடுப்பெரிய அரசு நிர்ணயித்த தொகை, நாம் ஒரு பேச்சுக்குப் போட்ட ஒருநாள் நுழைவுச்சீட்டுக்கே 400 ரூபாய் போதவில்லை! வருமானம் வற்றும் பருவமும் பிள்ளைகள் அழும் பருவமும் ஒன்றாயிருப்பதே நம் வட்டாரத்தின் சிக்கல். பயணத்தை விடுமுறையோடு கட்ட வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. பண்டிகை நாளிலும் விடுமுறை நாளிலும் பூங்காக்கள் விலையை உயர்த்துகின்றன. சாதாரண வார நாளில் குறைக்கின்றன. முன்பதிவுக்கும் மாணவர் அடையாள அட்டைக்கும் சலுகை தருகின்ற பூங்காக்களும் உண்டு. பெருநாளின் மறுநாளே போயாக வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு நாம் தரும் விலை இது.

கணக்கில் எழுதப்படாமல் அங்கே போன பின் முளைக்கும் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு வயது பார்த்துச் சீட்டுத் தருவார்கள் என்று நம்பிப் போவோர் பலர். பல பூங்காக்களில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். ஓங்கி வளர்ந்த எட்டு வயதுப் பையன் பெரியவர் கட்டணத்தில் சேர்ந்துவிடுவான். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை ஆகாது, நைலான் வகைதான் வேண்டும் என்பார்கள். நம் பெண்மக்கள் உடல் மறைக்கும் நைலான் உடுப்பை முன்கூட்டியே தைத்து எடுத்துச் செல்லாவிட்டால், அங்கே கிடைப்பதை அங்கே கேட்கும் விலைக்கு வாங்க நேரும். கிடைப்பது ஷரீஅத்துக்கு ஒத்துவரும் என்பதற்கும் உறுதியில்லை. வீட்டுச் சோற்றை வாயிலிலேயே நிறுத்திவிடும் பூங்காக்கள் உண்டு. விளம்பரத்தில் காணும் விலையோடு வரி சேருமா என்பதையும் கேளுங்கள். பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2017இல் நூற்றுக்கு 28 ஆக இருந்து 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆறு பேருக்கு அது சிறு தொகையன்று. லுஹரையும் அஸரையும் எங்கே தொழுவது என்பதையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இது காசுக் கணக்கில் வராது. வேறோர் ஏட்டில் வரும்.

ஒரே விலைச் சீட்டு என்னும் ஏற்பாட்டைப் பற்றி நமக்கொரு மனக்குறை உண்டு. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது நுழைவுக்கு ஒரு சிறு கட்டணம், ஏறும் விளையாட்டுக்குத் தனிக் கட்டணம் என்றிருந்தது. பின்னர் விளையாட்டுச் சீட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 1982இல்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு என்ற முறைக்கு முற்றிலும் மாறினார்கள். இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்களில் இதுவே வழக்கம். இருபது வயது இளைஞனுக்கு இது ஆதாயம். பத்துமுறை ஏறி இறங்குவான். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், மாசமாயிருக்கும் மருமகளுக்கும், இதய நோயாளிக்கும் பெரும்பாலான விளையாட்டுகளில் இடமே இல்லை. முதியோருக்குச் சிறிது தள்ளுபடி தருவோர் தந்தாலும், ஏறாத ராட்டினத்துக்குக் காசு கொடுப்பது கொடுப்பதுதான். இக்கணக்கைக் கண்ட குடும்பங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? பாட்டியை வீட்டில் விட்டுவிடுகின்றன. சிக்கனம் முதலில் கை வைப்பது முதியவர்மேல்!

நம் வட்டாரத்தாருக்கு எளிதான வழி ஒன்றிருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி நடைபெறும். அங்கே நுழைவுக்குச் சிறு தொகை, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் தனித்தொகை. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து தீவுத்திடல் அதிகத் தொலைவில்லை. வேன் வாடகை 5,000 மிச்சம். பாட்டி ஓரிடத்தில் அமர்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பேரப் பிள்ளைகள் சுற்றுவதைப் பார்ப்பார், காசு போகாது. நம் முன்னோர் கந்தூரிக்குப் போனதும் பாதி ராட்டினத்துக்காகத்தான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆனால் மலிவென்பதற்காக எதிலும் ஏறிவிடுவதும் சிக்கனமன்று. நம் வாசலிலேயே நடந்த துயரத்தை எவரும் மறந்திருக்க முடியாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் குடும்பமாகக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அதிகச் செலவில்லாமல் ஒருநாள் மகிழ வந்தவர்கள் அவர்கள். அதன் பின்னர் சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. இன்றும் "சும்மா ஒரு சுற்று" என்று அழைப்போர் இல்லாமலில்லை. உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் பிள்ளையை ஏற்றும் தந்தை ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதாக எண்ணினால் அவருக்குக் கணக்கும் தெரியாது, அமானிதமும் தெரியாது.

அப்படியானால் 16,200 ரூபாய்க்கு வழி என்ன என்று கேட்பீர்கள். வழி நம் பெண்களிடமே இருக்கிறது. ஆண்கள்தாம் அதை அறியாதவர்போல் நடிக்கிறார்கள். பன்னிரண்டு பெண்கள் கூடி, மாதம் ஒருவருக்கு 1,350 ரூபாய் வீதம் போட்டு, சேரும் 16,200 ரூபாயையும் ஒரு குறையுமின்றி மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் சீட்டு இருக்கிறதே, அது புதுமையன்று. கி.பி. 1659இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் கல்யூபீ (ரஹ்) அவர்கள் தம் ஹாஷியாவில், பெண்களிடையே வழங்கும் "ஜுமுஆ" என்னும் ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறார்கள். வாரந்தோறுமோ மாதந்தோறுமோ ஒவ்வொருத்தியிடமும் குறித்த தொகையை வாங்கி, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எல்லாருக்கும் கொடுத்து முடிப்பது ஆகுமானதே என்று, கி.பி. 1423இல் மறைந்த வலியுத்தீன் இராக்கீ (ரஹ்) அவர்களை ஆதாரமாகக் காட்டி எழுதுகிறார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்களின் கவனத்துக்கு வந்த சீட்டு இது! தள்ளிக் கேட்டு ஏலம் விடும் சீட்டை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவசரக்காரர் இழக்கும் தொகையை மற்றவர் பங்கிட்டுக்கொள்ளும் அந்த முறை கடனின்மேல் ஆதாயம் காண்பதாகிவிடும். ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம்: மாதம் 1,350 ரூபாயைத் தர வேண்டியவர் கணவர். ஓலைக் கூலியிலிருந்து மனைவி தந்தால் அது அவள் செய்யும் தர்மம், அவள் கடமையன்று. இதைப் பிள்ளைகள் காதில் விழும்படிச் சொல்லுங்கள்.

முறையை எவ்வாறு பிரிப்பது என்பதற்கும் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் பழவேற்காட்டு ஏரியில் தலைமுறை தலைமுறையாகப் "பாடு" என்னும் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். இறால் விழும் நல்ல இடம் எவருக்கும் நிலையாகச் சொந்தமாகிவிடாது. முறை வைத்து மாறி மாறி வரும். அவர்கள் கிதாபு ஓதியவர்கள் அல்லர். ஆனால் ஏரி சிறிது, வலை பல, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை உணர்ந்தவர்கள்.

நம் மதரஸாக்களும் மஹல்லாக்களும் இந்தப் பாடத்தைக் கற்றாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை மக்தப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. கட்டணம் கட்டிய பிள்ளை வண்டியில் ஏறும். கட்டாத பிள்ளை அன்றைக்கு வீட்டில் இருக்கும். மறுநாள் வந்து மற்றவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும். அன்று ஓதிய பாடம் அநாதையை விரட்டாதே என்ற பாடமாகவும் இருந்துவிடலாம்! அப்பிள்ளைக்கு ஜகாத் நிதியிலிருந்து சீட்டு எடுக்கலாமா என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. ஜகாத் ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டியது. கமிட்டி அதை வைத்துக்கொண்டு வேனுக்கும் பூங்காவுக்கும் கட்டுவது அந்த நிபந்தனைக்குப் பொருந்தாது. பொது ஸதகாவிலிருந்து தாராளமாகச் செய்யலாம். பத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாத ஆண்டில் பத்துப் பேரையும் தீவுத்திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐவரைப் பூங்காவுக்கும் ஐவரைத் திண்ணைக்கும் அனுப்பாதீர்கள்.

சீட்டுக்குப் பெயர் எழுதும் நாளில் வீட்டில் ஆண் துணையற்ற கைம்பெண்களின் பெயரை முதல் மாதங்களில் எழுதுங்கள். அவர்களுக்குத் தவணை தாங்காதென்றால் ஒரு பங்கை இரண்டு வீட்டாருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஏற்கெனவே வளையல் அடகில் உள்ள வீட்டாருக்கு இவ்வாண்டுப் பயணம் வேண்டாம். முதல் முறை எடுத்து, அதை மீட்டுக்கொண்டு வந்து, வளையலை அதற்குரியவள் கையிலே போட்டுவிடட்டும். பூங்கா அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்.